கத்தாத கடிகாரம்

நின்றுகொண்டே சொல்லட்டுமா ஐயா? ஒரே இடத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கால் துறுதுறுவென்று இருக்கும். பல் தேய்ப்பதுகூட நடந்துகொண்டேதான். "உங்களுக்குச் சக்கரம் ஒண்ணுதான் மாட்டலை" என்று என் மனைவி கேலி செய்வாள்.

லாரி கம்பெனியில் மேலாளராக இருக்கிறேன். எங்காவது ஒரு வண்டி நின்றுபோனால் என் தலைதான் உருளும். வேலை, பிள்ளைகள், வீடு எல்லாம் போக எனக்கென்று மிஞ்சுவது விடியற்காலையில் ஒரு மணி நேரம். பூங்காவைச் சுற்றி ஓடுவேன். நேரமில்லாதவன் கொஞ்ச நேரம் ஓடினாலும் மூச்சு முட்ட ஓட வேண்டும், அப்போதுதான் பலன். வருடா வருடம் நடக்கும் ஓட்டப்போட்டியில் ஒரு தடவையாவது என் வயதுக்காரர்களை முந்த வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. பேராசை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அப்போதுதான் தங்கை வந்தாள். "அண்ணா, காலைல அவரையும் கூட்டிட்டுப் போங்க. தனியா விட எனக்குப் பயமா இருக்கு" என்றாள். மாப்பிள்ளைக்கு இதயத்தில் கோளாறு. மெதுவாக ஓடலாம், ஆனால் நாடித்துடிப்பு ஓர் அளவைத் தாண்டக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதற்காகவே கையில் ஒரு கடிகாரம் கட்டியிருந்தார். தாண்டினால் அது கத்தும். கத்தினால், துடிப்பு அடங்கும்வரை நடக்க வேண்டும்.

"இதெல்லாம் எனக்குப் பிடிபடாது மச்சான். நீங்களே செட் பண்ணிக் குடுங்க" என்றார். டாக்டர் சொன்ன அளவைத்தான் முதலில் வைத்துக் கொடுத்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு தினமும் அதே கூத்து. எனக்கு உடம்பு சூடேறும் நேரம் பார்த்து அது கத்தும். மாப்பிள்ளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடப்பார். கூடவே நானும் ஆமை மாதிரி. தங்கையிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன், விட்டுவிட்டு ஓடவும் முடியாது. எனக்கிருந்த ஒரே ஒரு மணி நேரம் கண் முன்னாலேயே பாழாய்ப் போயிற்று. எரிச்சல் தாங்கவில்லை. ஆபீசில் டிரைவர்கள் மேல் எரிந்து விழுந்தேன்.

ஒரு நாள் முகம் கழுவுவதற்காகக் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அளவை ஏற்றி வைத்தேன். அதற்கு மேல் எந்த இதயமும் துடிக்காது, அவ்வளவு ஏற்றினேன்.

மாப்பிள்ளைக்கு ஒரே குஷி. "மச்சான், பாத்தீங்களா? இது இப்பல்லாம் கத்தவே மாட்டேங்குது. உடம்பு தேறிடுச்சு!" தங்கையிடமும் பெருமையடித்தார். அவள் கண் கலங்கி எனக்கு நன்றி சொன்னாள். அந்தக் குடும்பத்தில் அப்படியொரு சந்தோஷத்தைப் பார்த்துப் பல காலமாயிற்று. அதைக் கொடுத்தது நான்தான். போதாக்குறைக்கு அவர் வேகமாக ஓட, அவருக்கு ஈடுகொடுத்து என் வேகமும் கூடியது.

நேற்றுக் காலை நடுவில் ஒரு தடவை நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கு மச்சான்."

"கடிகாரம் கத்தலையே மாப்ள" என்றேன்.

அவர் மணிக்கட்டைப் பார்த்தார். "ஆமால்ல" என்று சிரித்துவிட்டு மறுபடி ஓடினார். நான் பொய் சொல்லவில்லை ஐயா. அது கத்தவில்லைதான்.

விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன், பாதையோரம் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. உடனே உதவி கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் எனக்குக் கடைசிச் சுற்று பாதியில் இருந்தது. இதுவரை ஓடியதிலேயே நல்ல வேகம் அது. பாதியில் நின்றால் அத்தனை நாள் உழைப்பும் வீண்.

சுற்றை முடித்தேன். மனசாட்சி இல்லாதவன் என்று எழுதிவிடாதீர்கள் ஐயா. முடித்த பிறகு அவரிடம் நான் நடந்து போகவில்லை, ஓடித்தான் போனேன்.