சத்தம் போடாத டயர்

இல்லண்ணே, பட்டன் டயர் வேணாம். வந்தவுடனே சொன்னனே. அந்தா, நீட்டுக் கோடு போட்டது சாத்தி வச்சிருக்கீங்க பாருங்க, அதுல நாலு குடுங்க.

புரியுது. நீங்க சொல்றது நியாயந்தான். காடாம்புலியூர் செம்மண்ணு, முந்திரித் தோப்புக்குள்ள எறங்கி ஏறணும், மழ பேஞ்சா வழுக்கும், கட்டை கட்டையா வெட்டின பட்டன் டயருன்னாத்தான் பிடிப்பு. எல்லாம் சரி. தானே புயல்ல சாஞ்ச மரத்தத்தான் இன்னும் வெறகா ஏத்திக்கிட்டுக் கெடக்கேன். இந்நேரம் பலாப்பழம் ஏத்தியிருக்கணும். எங்க, மரம் நின்னாத்தான. வண்டி மாட்டிக்கிட்டா எறங்கித் தள்ளிக்கிறேன், பலகை போட்டு ஏத்திக்கிறேன். எனக்கு வேண்டியது ஒண்ணுதான், ஓடறப்ப சத்தம் வரக்கூடாது.

சிரிங்க. எம் மச்சானும் இப்பிடித்தான் சிரிச்சான். கட்டை ஏத்தற பழைய வண்டிக்கு சத்தமில்லாத டயரா மாமா, ஏசி எப்ப வைக்கப் போறீங்கன்னான்.

கரண்டு நாலு மணிக்குத்தானா. கம்ப்ரசர் ஓடாம காத்தடிக்க முடியாது, வேற என்ன பண்றது. இருக்கேன். எனக்கொண்ணும் அவசரமில்ல.

ரீட்ரெட்டா, பழசு மேலயே ரப்பர் ஒட்டியா? வேணாண்ணே, மறுபடி இதே கட்டையத்தான் வெட்டுவாங்க. ஒரே சீரா தேஞ்சிருக்குன்றீங்களா. அது எம் புள்ள பாத்துக்கிட்டது அப்பிடி. வாரத்துக்கு ஒருதரம் காத்து பாப்பானாம்.

ஆமா, உங்க கடையில வாங்கினதுதான். ரெண்டாயிரத்தி ஒம்பது ஆடி மாசம். பில்லு வண்டியிலயே இருந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் பண்ருட்டியில வாங்காம இம்மாந்தூரம் கடலூருக்கு வந்தேன். ஞாபகம் இருக்கா உங்களுக்கு? ஒசரமா, ஆமா. பலாப்பழத்த மோந்து பாக்கற மாதிரி ஒவ்வொரு டயரா மோந்து பாத்தானா? செய்வான். இளவரசு. எம் புள்ளதான். நான் மணவாளன்.

அவன் வரலண்ணே. இப்ப நான்தான் ஓட்டறேன்.

நான் சார்ஜாவுல இருந்தேன், பதினேழு வருஷம். நான் அங்க, அவனும் அவங்கம்மாவும் இங்க. அவன் தலையெடுத்ததும் இந்த வண்டிய பழசா வாங்கிக் குடுத்தேன். பண்ருட்டி மண்டியில பலாப்பழம் ஏத்தினா சிதம்பரம் வரைக்கும் போவான். இந்த டயரை மாட்டினானே, அன்னிக்கு எனக்கு போன் பண்ணான். அப்பா, ஒரு சத்தம் கேக்கறியான்னான். போனை எடுத்து ஜன்னலுக்கு வெளிய நீட்டிட்டான். ம்ம்ம்னு, காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி. எனக்கு வேல நேரம். சூப்பர்வைசர் பாக்கறான்டா, வைடான்னு கத்துனேன். அவன் காதுல எங்க வுழுந்துச்சு. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு.

அந்த சத்தம் ரொம்ப தூரம் கேக்கும்ணே. அதுவும் இப்ப கரண்டு இல்லாம டிவி கெடையாது, மோட்டார் கெடையாது, ஊரே கம்முனு கெடக்குது. ரைஸ்மில்லு திருப்பத்துல வண்டி வந்தாலே எங்க வூட்டுல தெரிஞ்சுடும். அவங்கம்மா தட்டுல சோத்தப் போட்டு வச்சுட்டு கேட்டத் தொறக்கப் போவாளாம். அவன் ஹாரனே அடிச்சதில்ல. அது கெட்டுப் போயே பல வருஷம் ஆவுது, மாத்தணும்னே அவனுக்குத் தோணல.

வெளிநாடா? இல்லண்ணே. அவன் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. மஞ்சக்காமாலை. அஞ்சே நாளு. நான் டிக்கெட் எடுத்து வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.

பரவால்ல, நீங்க ஒக்காருங்க. தெரியாமத்தான கேட்டீங்க.

ஆறு மாசம் வண்டிய தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தோம். அப்பறம் நான் எடுத்தேன். மொத நாளு லோடு எறக்கிட்டு சாயங்காலம் வர்றேன், எங்க தெருவுல நொழையறப்பவே பாக்கறேன், கேட்டு தொறந்திருக்கு. எம் பொண்டாட்டி தமிழ்ச்செல்வி நிக்கிறா. கையில சோத்துக் கரண்டி. மூஞ்சி அப்பிடி இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் பொட்டியோட வந்து எறங்கியிருக்கேன், எனக்கு அந்த மூஞ்சிய அவ காட்டினதில்ல. கதவத் தொறந்து காலக் கீழ வச்சேன். பாத்தா. நீங்களான்னா.

அவ்ளோதான். கரண்டிய எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவன் தெவசத்துக்கு சமைச்சவளே அவதான். ஆனா அந்த சத்தம் கேட்டா காலு தானா ஏந்திரிச்சுடுதுங்கன்னு அவளே சொல்றா. ஒன்றரை வருஷமா தெனம் இதேதான். ஒரு நாளு திருப்பத்துலயே வண்டிய நிறுத்திட்டு நடந்து போனேன். அன்னிக்கும் கேட்டு தொறந்துதான் இருந்துச்சு. சத்தம் வந்துதே, வண்டி எங்கன்னா. டயரு தேஞ்சா சத்தம் கொறையும்னு பாத்தேன். நீங்கதான் சொல்லுங்க, தேயத் தேய ஜாஸ்தியாத்தான் ஆவுமா? ஆவுது.

அவகிட்ட சொல்லல. வெறகு எறக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். எனக்கும் பயமாத்தான் இருக்குது. நாள்முச்சூடும் உள்ளயே கெடக்கறவ, அந்த ஒரு தரம்தான் வாசலுக்கு வர்றா. சத்தத்த நிறுத்திட்டா அதுவும் நின்னுபோச்சுன்னா?

கரண்டு வந்துடுச்சு. கம்ப்ரசரப் போடுங்க.

நாலும் கோடு போட்டதுதானே? சரி. டியூபும் புதுசாவே போட்டுடுங்க. பழசுல மூணு நீங்களே எடுத்துக்குங்க. ஒண்ணு மட்டும் ஸ்டெப்னியாக் கெடக்கட்டும். மொட்டைன்னு தெரியும்ணே. கெடக்கட்டும்.

அப்பறம், இந்தப் பக்கம் ஹாரன் மாட்டறவங்க யாராவது இருக்காங்களா? சாதாரண ஹாரன்தான். இன்னிக்கு சாயங்காலம் கேட்டாண்ட போயி நிறுத்திட்டு ஒருதரம் அடிக்கணும். அவன் அடிக்காத சத்தம் அது, கேட்டவுடனே நான்தான்னு அவளுக்குத் தெரிஞ்சுடும்.

தெரிஞ்சும் வந்து தொறக்கறாளான்னு பாக்கணும்.