டிரம்பெட்காரர் மேல் ஒரு கண்

ஞாயிறு சாயங்காலம் தேக்கா போக செம்பவாங்கில் எம்ஆர்டி ரயில் ஏறினேன். எதிரே ஒரு அப்பாவும் மகளும். மகள் மடியில் உறை போட்ட கீபோர்டு.

"அந்த டிரம்பெட்காரன் உன் பாட்டத் திருடுறான்மா."

"அப்பா, அது ஜாஸ். பாட்டு நான் எழுதுனது. நடுவுல அவர் இஷ்டத்துக்கு வாசிப்பாரு. நாந்தான் விடுறேன்."

"நீ வீட்டுல வாசிச்சு வாசிச்சு எனக்கு மனப்பாடம். நேத்து அவன் வாசிச்சது அது இல்ல. நீயும் தலையாட்டிக்கிட்டு நிக்கிறே."

"அதுக்காக நடுவுல எழுந்து, 'தம்பி, ஒழுங்கா வாசி'ன்னு சத்தம் போடுவீங்களா? எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க லா."

"அந்த லேபிள்காரன் மட்டும் யோக்கியமா? உன்ன வாசிக்க வைக்க காப்பிக் கடைய விட்டா அவனுக்கு வேற எடமே இல்லயா?"

"ஆல்பம் போடுற சின்ன லேபிள்பா. சொந்தமா எழுதி பேண்டு நடத்துறவங்களுக்குத்தான் மேடை குடுக்குறாங்க. இன்னைக்கு ஃபேரர் பார்க்ல வாசிக்கிறத அப்படியே ரெக்கார்ட் பண்றாங்க. என் முதல் ஆல்பம். நீங்க வாயத் தொறந்தா அதுவும் சேந்து பதிவாயிடும்."

"பேசல. ஆனா அந்த டிரம்பெட்காரன் மேல ஒரு கண்ணு வச்சிருப்பேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தொடையில் தாளம் தட்டி ஒரு மெட்டை முணுமுணுத்தார். மகள் சிரித்துவிட்டாள்.

"என்ன சிரிப்பு? உன் பாட்டுதானே?"

"இல்லப்பா. இது நேத்து அவர் வாசிச்சது."

தட்டிய கை நின்றது.

"பாத்தியா," என்றார். "என்கிட்டயே வேலையக் காட்டிட்டான்."