மழைக்குத் தாங்கும்

ஐப்பசி பிறந்துவிட்டால் காலடிப்பேட்டையில் எங்கள் டயர் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: மழைக்கு மாற்ற வேண்டுமா, இதுவே தாங்குமா? எனக்கு மனிதர்களிடம் பேச வராது. டயரைப் பற்றிக் கேட்டால் மட்டும் பதில் சொல்லிவிடுவேன். அதனால்தான் நீங்கள் கேட்டதற்கும் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் மேடம்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குக் கை முறிந்தபோது கடையைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி தேவைப்பட்டாள். என் கூடப்பிறந்த ராமசெல்வி அக்கா அப்போது பதினொன்றாவது படித்தாள், நான் ஒன்பதாவது. "இப்போ நீ நின்னுக்கோடி. நான் வேலைக்குப் போனதும் உன்னப் படிக்க வெக்கிறேன்" என்றாள். நின்றுகொண்டேன். அவள் வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆனது, பழைய கார் ஒன்றும் வாங்கினாள். நானாக எதுவும் கேட்கவில்லை.

போன வாரம் அந்தக் காரில், ஆபீஸ் தோழி சாண்ட்ராவோடு வந்தாள். மழைக்கு முன்னால் டயர் மாற்ற வேண்டுமா என்று பார்க்கச் சொன்னாள். நான் குனிந்து விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருப்பா இது, பொம்பளப் புள்ள டயரு பாக்குது?" என்று சாண்ட்ரா சிரித்தாள்.

"கடையில வேல செய்ற பொண்ணு. நல்லா பாக்கும்" என்றாள் அக்கா.

அதில் பொய் இல்லை. வேலை செய்கிறேன். நன்றாகவும் பார்ப்பேன்.

இருவரும் பிரியாணி சாப்பிடப் போனார்கள். டயர்கள் மொட்டையாகியிருந்தன, மாற்றத்தான் வேண்டும். எங்கள் பக்கம் லாரி டயர் தேய்ந்தால் சூடான கத்தியால் ரப்பரில் கோடு கிழித்து, பட்டன் என்கிற அந்தப் பள்ளங்களைப் புதிதாக வெட்டிக் கொடுப்பார்கள். லாரி ரப்பர் கனமானது, தாங்கும். கார் டயரில் வெட்டினால் உள்ளே கம்பிவரை போய்விடும். பார்வைக்குப் புதுசு, வேகம் எடுத்தால் வெடிக்கும். நான் கத்தியைச் சூடாக்கினேன்.

"இன்னாம்மா, பட்டன் இவ்ளோ ஆழமா கீது? தேஞ்சி போச்சுன்னு எங்க வூட்டுக்காரரு ஒரே பேஜாரு பண்ணாரே" என்றாள் அக்கா, திரும்பி வந்ததும்.

"மண்ணு அடச்சிகினு இருந்துச்சுக்கா. நோண்டி எடுத்துட்டேன். மழைக்குத் தாங்கும்."

அக்கா என்று நான் கூப்பிட்டதை சாண்ட்ரா கவனிக்கவில்லை. கடைக்கு வருகிற எல்லாரும் அக்காதானே.

அன்று சாயங்காலமே மழை. எண்ணூர் ரோட்டில் கார் சுழன்று கன்டெய்னர் லாரிக்கு அடியில் போய்விட்டது. இரண்டு பேரும் இல்லை. சாண்ட்ராவுக்காக வருத்தப்படுகிறேன். அவள் நியாயமான கேள்விதான் கேட்டாள்.

அக்காவைச் சாகடிக்க நான் நினைக்கவில்லை, மேடம். வழியில் டயர் போய் நின்றால் எனக்குத்தான் போன் செய்வாள். "என் தங்கச்சி வருவா" என்று சாண்ட்ராவிடம் சொல்லியாக வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். அதற்கு ஒரு டயர் போதுமே என்று நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன். வெட்டும்போது, நான்கும் ஒரே ஆழமாக வரவேண்டும் என்பதில்தான் என் கவனம் இருந்தது.