ஊசி தாண்டாத மதியம்

டென்னிஸ் பந்தைச் சரிபாதியாக வெட்டுவது பார்க்கிறவர்கள் நினைக்கிற அளவுக்குச் சுலபமில்லை, மேடம். கத்தியை வைத்தவுடன் பந்து நழுவும். பந்தை ஒரு டம்ளரின் வாயில் உட்கார வைத்து, இரும்பு அறுக்கிற ரம்பத்தால், அவசரப்படாமல் உருட்டி உருட்டி அறுக்க வேண்டும். அப்படி நான்கு அரைப்பந்துகளைக் கவிழ்த்து வைத்து, மேலே கனமான பலகை ஒன்றைப் போட்டு, அதன்மேல் ரெக்கார்ட் பிளேயரை வைத்தால் தரையிலிருந்து ஏறும் அதிர்வில் பாதி அங்கேயே அடங்கிவிடும். இதற்கென்றே கடையில் ரப்பர் கால்கள் விற்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும். தேவையில்லை.

நடந்ததை ஒன்று விடாமல், ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் பந்துதான்.

முப்பத்தொரு வருஷம் தராசுகளைச் சரிபார்க்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். மருந்து நிறுக்கிற தராசுகள். அடுத்த அறையில் யாராவது நாற்காலியை இழுத்தால்கூட எங்கள் முள் ஆடும். அதிர்வு எங்கே புறப்பட்டு எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. ஓய்வு பெற்ற பிறகு, பழைய ரெக்கார்ட் பிளேயர் ஒன்றை வாங்கி என் அறையில் வைத்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மூன்று ரெக்கார்ட் கேட்பேன். எனக்கு வேறு பழக்கம் எதுவும் கிடையாது.

வீடு அண்ணனுடையது. பழைய வீடு, மாடிக்கு மரப்பலகைத் தளம். கீழே என் அறை, அதற்கு நேர் மேலே அண்ணன் அறை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. "உங்க அண்ணன் உங்களுக்கு எங்க நேரம் குடுத்தாரு" என்று அண்ணி சிரித்துக்கொண்டே சொல்வார். அண்ணன் நல்லவர். குரல்தான் பெரிது. "டேய், இங்க வா" என்றால் தெருமுனை வரை கேட்கும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போனால், ஜன்னலைச் சாத்தச் சொல்வார். ஜன்னல் அவருக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வீட்டு வழக்கம் தெரிய வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. அண்ணி தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறார். காலையில் போனால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வருவார். இடையில் நான்தான். டாக்டர் அண்ணனின் இடது கையில் ஒரு கம்பைக் கொடுத்தார். தரையில் ஒரு முறை தட்டினால் தண்ணீர், இரண்டு முறை தட்டினால் கழிப்பறை, மூன்று முறை தட்டினால் உடனே வர வேண்டும். அண்ணனுக்கு மூன்றுதான் பிடித்திருந்தது. மூன்று தட்டல் கேட்டு நான் மூச்சு வாங்க மாடியேறிப் போனால், ஜன்னலைக் காட்டுவார்.

தட்டுகிற ஒவ்வொரு முறையும் அந்த அதிர்வு பலகை வழியாக உத்தரத்துக்கு வந்து, சுவரில் இறங்கி, என் மேசைக்கு ஏறும். ஊசி துள்ளி நாலு வரி தாண்டி விழும். ரெக்கார்டில் கீறல் விழும். பந்து போதவில்லை. சைக்கிள் டியூபில் அரைக் காற்று அடித்து, அதன்மேல் கருங்கல் பலகையைப் போட்டேன். ஓரளவு குறைந்தது. பிளேயரைப் பழுது பார்க்கிற ரேடியோக்காரரிடம் யோசனை கேட்டேன். பாவம், அவர் பேரை இதில் இழுக்க வேண்டாம். "அதிர்வை ரெண்டு இடத்துல நிறுத்தலாம் சார். வந்து சேர்ற இடத்துல நிறுத்தலாம், இல்லேன்னா கிளம்பற இடத்துலயே நிறுத்தலாம்" என்றார். முப்பத்தொரு வருஷம் இதையே செய்தவனுக்கு வீட்டில் மட்டும் ஏனோ தோன்றவில்லை.

கம்பின் நுனிக்கு ஒரு ரப்பர் மூடி மாட்டினேன். மருந்துக்கடையிலேயே கிடைக்கும். "வழுக்காம இருக்கும், நல்ல யோசனை தம்பி" என்றார் அண்ணி. பிறகு கட்டிலைச் சுற்றிக் கனமான ஸ்பாஞ்ச் விரிப்பு ஒன்றைப் போட்டேன். தவறி விழுந்தாலும் அடிபடாது என்றேன். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணனுக்கு மூளை நன்றாகவே வேலை செய்தது. கம்பைத் திருப்பிப் பிடித்து, கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தட்ட ஆரம்பித்தார். சட்டத்துக்கு டியூபைச் சுற்றினேன். எவர்சில்வர் டம்ளரால் சுவரில் தட்டினார். பிளாஸ்டிக் டம்ளர் வைத்தேன். கம்பையே எடுத்துவிட்டேன், நடக்காத மனிதருக்குக் கம்பு எதற்கு. பிறகு மோதிரத்தால் ஜன்னல் கம்பியில் தட்டினார். விரல் வீங்கியிருக்கிறது என்று அண்ணியிடம் சொல்லி, சோப்புப் போட்டுக் கழற்றினேன். கழற்றும்போது அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை வர்ணிக்க எனக்கு வராது. எனக்கு அளக்கத்தான் தெரியும்.

"அப்புறம் அவர் எப்படித்தான் உங்களக் கூப்பிடுவாரு தம்பி?" என்று அண்ணி கேட்டார்.

"மணிக்கொரு தரம் நானே போய்ப் பாக்கறேன் அண்ணி" என்றேன்.

போனேன். முதல் வாரம் தவறாமல் போனேன்.

மணி ஒன்று வாங்கி வைத்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். அண்ணி வாங்கிக்கொண்டு வந்தார், சின்னக் கைமணி. அதன் நாக்கில் பஞ்சைச் சுற்றியது நான்தான். மணிச் சத்தம் காற்றில் வருவது, அதற்கு ஊசி தாண்டாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் அரைகுறையாக விடுவது என் சுபாவம் இல்லை.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டி, வாய் துடைத்து, தலையணையைச் சரி செய்துவிட்டுத்தான் இறங்கினேன். மணி ஒன்றரை. சாயங்காலம் அண்ணி வந்து மாடிக்குப் போனார். நான் ஒரு கூச்சல் கேட்டு எழுந்தேன். அண்ணன் கட்டிலிலிருந்து விழுந்து, ஒரு பக்க உடம்பை வைத்துக்கொண்டு தவழ்ந்து, விரிப்பு முடிகிற இடத்தைத் தாண்டி, வெறும் பலகையில் குப்புறக் கிடந்தார். "தட்டவே இல்லையா அவரு? உங்களுக்கு ஒண்ணுமே கேக்கலியா?" என்று அண்ணி என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அது உண்மை.

டாக்டர்தான் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். விரல் மூட்டுகளில் தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. அதனால்தான் நான் இப்போது இந்த ஸ்டேஷனில் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். மூச்சு முட்டித்தான் உயிர் போயிருக்கிறது, பத்து நிமிஷத்துக்குள் யாராவது வந்து நிமிர்த்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று அவர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். விரிப்பை நான் இன்னும் இரண்டடி நீளமாக வாங்கியிருக்க வேண்டும். அது என் தவறுதான், எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்கவில்லை சரி, தெரிந்ததா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். நீங்கள் பொறுமையானவர். சொல்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் ஒரு சோதனை செய்வோம். ஒரு சாஸரில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைப்போம், இன்னொன்றைத் தராசுப் பலகையில் வைப்போம். கண்ணுக்குத் தெரியாத அதிர்வைத் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். அன்று அதைத்தான் செய்தேன். ஒரு சாஸர் தரையில், ஒரு சாஸர் கருங்கல் பலகையில், ரெக்கார்ட் பக்கத்தில். ஸ்பீக்கரின் அதிர்வு கலக்காமலிருக்க அதைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டு, ஊசியை வைத்தேன்.

மேலே ஏதோ கனமாக விழுந்தபோது தரைச் சாஸரில் தண்ணீர் ஓரம் வரை அலைந்தது. பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அப்புறம் வளையம் வளையமாகச் சின்ன அலைகள். மூன்று. ஒரு இடைவெளி. மறுபடி மூன்று. நான் தரையில் குப்புறப் படுத்து, கண்ணைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். பலகைச் சாஸரை எழுந்து பார்த்தால், கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. நாலு அரைப்பந்து, ஒரு டியூப், ஒரு கல். நம்புவீர்களா என்று தெரியவில்லை, ஆய்வுக்கூடத்தில்கூட அவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை.

மூன்று மூன்றாகப் பதினொரு நிமிஷம் வந்தது. கடைசியில் இரண்டு, பிறகு ஒன்று. ஒன்று என்றால் தண்ணீர். அதற்குப் பிறகு தரைச் சாஸரும் அசையவில்லை. ரெக்கார்டின் அந்தப் பக்கம் முடிந்திருந்தது. எழுந்து, திருப்பிப் போட்டேன்.

இவ்வளவுதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், அண்ணி இதைப் படிப்பார். இந்த அறுபத்திரண்டு வயது வரை அண்ணன் கூப்பிட்டு நான் போகாமல் இருந்ததே கிடையாது. அன்றைக்கும் எனக்குக் காதில் விழுந்திருந்தால் கட்டாயம் போயிருப்பேன்.