தம்பிக்குப் போட்ட தந்தி

பேஸ் கிட்டாருக்குத் தந்தி வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் உறையின் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், டாக்டர். கறுப்பு உறை என்றால் கனமான சத்தம், தங்க நிற உறை என்றால் தங்கமான சத்தம் என்று ஒரு நினைப்பு. நானும் வாயைத் திறப்பதில்லை. கடை வைத்திருக்கிறவள் வருகிறவர்களின் சந்தோஷத்துக்குக் குறுக்கே விழக்கூடாது. மீதிப் பாதிப் பேர், "அக்கா, நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்பார்கள். அவர்களுக்குத்தான் நல்ல தந்தி கிடைக்கும்.

அந்த நாற்காலியில் உட்காருங்கள், காற்று வரும். கையில் இருக்கும் குப்பியை இப்படிக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துவிடலாம். உள்ளே இருக்கும் பஞ்சுக்குச்சியின் நுனி ரோஜா நிறமாக இருப்பதை நீங்கள் வாசலில் நுழையும்போதே பார்த்துவிட்டேன். நிக்கல் பட்டால் அந்த மருந்து அப்படி நிறம் மாறும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். ஒரு தோல் டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வாத்தியக் கடைக்கு வருகிறார் என்றால், கிட்டார் கற்றுக்கொள்ளவா வந்திருப்பார்? நான் பூசி மெழுக மாட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தந்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

பேஸ் கிட்டாரின் தந்தி ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு கம்பி, அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய இன்னொரு கம்பி. வெளியே சுற்றியது எந்த உலோகம் என்பதில்தான் சமாசாரமே இருக்கிறது. நிக்கல் பூசியது என்றால் சத்தம் உருண்டு திரண்டு, கொஞ்சம் இனிப்பாக வரும். வெறும் ஸ்டீல் என்றால் பளிச்சென்று, சற்று அதட்டலாக வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மாட்டிய பிறகு தந்தியைச் சுண்டிவிட்டுப் பார்க்க வேண்டும். நல்ல தந்தி ஒழுங்காக அதிர்ந்து அடங்கும், மட்டமான தந்தி பேயாட்டம் போடும். பழைய தந்தியை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்து, அழுக்கை எடுத்து, மறுபடி மாட்டிக்கொள்கிற மகராசன்களும் இருக்கிறார்கள். மனிதர்களின் கஞ்சத்தனத்தை உட்கார்ந்த இடத்தில் ரசிக்க வேண்டுமென்றால் வாத்தியக் கடை வைக்க வேண்டும்.

என் தம்பிக்கு நிக்கல் ஆகாது. இது உங்களுக்குத் தெரிவதற்கு வெகு காலம் முன்பே எனக்குத் தெரியும். சின்ன வயதில் பெல்ட்டின் கொக்கி படுகிற இடத்தில் அவன் வயிறு சிவந்து தடித்துப்போகும். கைக்கடிகாரம் கட்டினால் மணிக்கட்டில் கொப்புளம். பிறகு எங்கிருந்தோ ஒரு பேஸ் கிட்டாரை இரவல் வாங்கி வந்து பழக ஆரம்பித்தான். விரல் நுனியெல்லாம் நீர் கோத்துக்கொண்டது. எல்லாரும், புதிதாக வாசித்தால் அப்படித்தான், காய்த்துப்போனால் சரியாகிவிடும் என்றார்கள். வயிற்றில் வந்த அதே தடிப்பு விரலிலும் வருகிறது என்பதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அப்போது நான் இதே கடையில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவர் தெரியாதவர் என்று எல்லாரையும் விசாரித்து, நிக்கல் துளியும் கலக்காத ஸ்டீல் தந்தியை வரவழைத்து மாட்டிக் கொடுத்தேன். அவன் நாள் முழுக்க வாசித்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். ஒரு சிவப்புக்கூட இல்லை. அப்பா அம்மா இல்லாத வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தப் பிள்ளைக்குச் சங்கீதத்தைக் கொடுத்தவள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறேன்.

அன்றிலிருந்து அவன் ஒரு தந்தி உறையைப் பிரித்ததில்லை. எடுப்பது நான், மாட்டுவது நான், இழுத்துக் கட்டி மிச்ச நுனியை நறுக்குவதும் நான். அவன் வாசிக்கிற இசைக்குழுவில் கேலி செய்வார்களாம், உனக்குக் கல்யாணம் ஆனால் அக்காவையும் சீர்வரிசையோடு அனுப்பிவைப்பார்களா என்று.

அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், கிளினிக்குக்கு அவனோடு வருவாளே. நான் அவளுக்கு வைத்த பெயர் இடி. அவள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் எதிர்வீட்டில் வந்து திறப்பார்கள். எனக்கு அவளைப் பிடிக்கும், டாக்டர். வாய்விட்டுச் சிரிப்பாள், தட்டில் எதையும் மிச்சம் வைக்கமாட்டாள். அவளை நான் ஒரு நாளும் வெறுத்ததில்லை என்பதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

கடல் தாண்டி ஒரு பெரிய ஹோட்டலில் குழு முழுவதற்கும் நிரந்தர வேலை கிடைத்தது. போய் இறங்கியதும் அவனும் இடியும் கல்யாணம் செய்துகொள்வதாகப் பேச்சு. தலைகால் புரியாத சந்தோஷத்தில், சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னான்.

"நீ ஒண்ணும் கவலைப்படாதக்கா. வருஷத்துக்கு ஒரு தடவை நாங்க வந்து உன்னைப் பாத்துட்டுப் போவோம்."

அவன் வாயிலிருந்து 'நாங்க' என்று வந்தால் அதில் எப்போதும் நான் இருப்பேன். அன்றைக்கு நான் அதற்கு வெளியே இருந்தேன். எனக்கு வலித்தது. வலித்தது என்று சொல்வதில் என்ன வெட்கம்? ரொம்ப நல்லதுடா என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் பரிமாறினேன்.

மறுநாள் கடையில், ஸ்டீல் தந்தியின் உறையை நீராவியில் காட்டினேன். ஒட்டிய மடிப்பு சமர்த்தாகத் திறந்துகொண்டது. உள்ளே நிக்கல் பூசிய தந்தியை வைத்து மறுபடி ஒட்டினேன். அதிலும் கடையில் இருப்பதிலேயே உயர்ந்ததாகப் பார்த்துத்தான் எடுத்தேன். மட்டமான தந்தியைத் தம்பிக்குப் போட எனக்கு மனசு வராது. ஒரு சின்ன அரிப்பு வரட்டும், பயணம் கொஞ்சம் தள்ளிப்போகட்டும், அவ்வளவுதான் என் எண்ணம்.

அவனுக்கு வித்தியாசம் உடனே காதில் பட்டது. அகப்பட்டுக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான்.

"அக்கா, இந்தத் தடவை தந்தி சூப்பர்க்கா. சத்தம் அப்படியே இனிக்குது. இவ்வளவு நாளா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்த?"

அதே கம்பெனிதான், சுற்றுகிற விதத்தை மாற்றியிருக்கிறார்கள் என்றேன். சத்தத்தில் சொக்கிப்போய் வழக்கத்தைவிட அதிகமாக வாசிக்க ஆரம்பித்தான். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். முதலில் அரிப்பு, பிறகு கொப்புளம், பிறகு தோல் வெடித்து நீர் வடிந்தது. உங்களிடம் அழைத்துவந்ததே நான்தான் என்பதை மறந்துவிட வேண்டாம். வாசிக்கிற தந்தியைக் கொண்டுவரச் சொன்னீர்கள். பழைய ஸ்டீல் தந்தியை மாட்டிக் கொண்டுவந்தேன். நீங்கள் பஞ்சால் தேய்த்தீர்கள், அது வெள்ளை வெளேரென்று இருந்தது. சந்தேகமெல்லாம் சோப்பின்மேல் போயிற்று, போனின்மேல் போயிற்று, வீட்டுச் சாவியின்மேல் போயிற்று. இப்படி ஓர் அக்கா கிடைக்க இவன் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நீங்களே சொன்னீர்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அந்த நாட்களைப் பற்றி என்ன சொல்ல, எங்கள் வீடு அத்தனை கலகலப்பாக இருந்ததே இல்லை. இரண்டு கையிலும் கட்டு. சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட்டேன், தலையை நான் வாரிவிட்டேன், சாப்பாட்டை நான் ஊட்டிவிட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு குறும்பு செய்வான். சாயங்காலமானால் கையை என் மடியில் வைத்துக்கொள்வான். நீங்கள் கொடுத்த களிம்பை ஒவ்வொரு விரலாகப் போட்டுவிடுவேன். வெறுப்பு இருக்கிறவள் இதையெல்லாம் செய்வாளா? விரல் ஆறும், வாசிக்க ஆசைப்படுவான், தந்தி மாற்றிக் கொடுப்பேன். மறுபடியும் கட்டு. டிக்கெட்டையும் அதற்கேற்றாற்போலத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு தடவை நகம் கழன்று வந்தது. அன்றைக்கு மட்டும் அவன் சிரிக்கவில்லை.

"எனக்கு இது குடுத்து வைக்கலபோல இருக்குக்கா. கிட்டாரை வித்துடலாமா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது, டாக்டர். அதெல்லாம் பேசாதே, நல்ல தந்தியாகப் பார்த்து நான் போட்டுத் தருகிறேன் என்று சொல்லித் தேற்றினேன். அவன் தேறிவிட்டான். என் பேச்சை அவன் தட்டவே மாட்டான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. இடிதான் ஒரு நாள் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அவனால வாசிக்க முடியலன்னாலும் பரவாயில்லக்கா. நான் வாசிக்கிறேன், அவன் சும்மா கூட இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

அடிமடியிலேயே கை வைத்துவிட்டாள். கை இல்லாவிட்டாலும் அவன் போவான் என்றால் நான் பட்ட பாடெல்லாம் எதற்கு? இனி எதையும் தடுத்துப் பயனில்லை என்று தந்தியைக் கழற்றி வைத்துவிட்டேன். விரல் மளமளவென்று ஆறிவிட்டது. முந்தாநாள் கடைசியாக உங்களிடம் காட்டிக்கொண்டு போகவும் வந்தார்கள்.

அங்கேதான் என் குட்டு வெளிப்பட்டது என்று இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. நான் நறுக்கிப் போட்ட தந்தி நுனி ஒன்றை எடுத்து, கட்டுப் போட்ட விரலாலேயே வளைத்து, அவளுக்கு மோதிரம் செய்து போட்டிருக்கிறான். கிட்டார்க்காரப் பையன்கள் பெண்களுக்கு அப்படிச் செய்து கொடுப்பது வழக்கம்தான். எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். எப்போதும் நுனிகளைப் பொறுக்கி உடனே குப்பையில் போடுகிறவள், ஏதோ ஒரு நாள் கடைக்கு ஆள் வந்த அவசரத்தில் விட்டிருக்கிறேன். 'நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேதானே இருப்பேன், என் மோதிரத்தையும் சோதித்துவிடுங்கள்' என்று இடி விளையாட்டாகக் கேட்க, நீங்களும் விளையாட்டாகத் தேய்க்க, பஞ்சு சிவந்திருக்கிறது. இத்தனை கண்ணும் கருத்துமாகச் செய்த வேலை இப்படி ஒரு துண்டுக் கம்பியில் சிக்கிக்கொண்டதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அவர்களிடம் எதுவும் சொல்லாமல் முதலில் என்னிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது உங்கள் நல்ல மனசு.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன், ஒவ்வொரு தடவையும்.

போலீசுக்குச் சொல்லப்போகிறீர்களா? சொல்லுங்கள், நான் எங்கே ஓடப்போகிறேன். ஆனால் நீங்கள் பெருமூச்சு விட்டதைப் பார்த்தேன். நேற்று விமானம் ஏறிவிட்டார்கள், இந்த ராட்சசியின் கையிலிருந்து பிள்ளை தப்பித்துவிட்டான் என்ற நிம்மதி உங்கள் முகத்தில் தெரிகிறது. உங்களிடம் பொய் சொல்லக்கூடாது. கிளம்பும் முன்னால் கிட்டாருக்குத் தந்தி மாட்டிக் கொடுத்தது நான்தான். அந்த ஊரில் நல்ல தந்தி கிடைக்குமோ கிடைக்காதோ என்று பெட்டி நிறைய வேறு அடுக்கி அனுப்பியிருக்கிறேன். எல்லாம் ஸ்டீல் உறைதான். உள்ளே இருப்பது என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதோ போன், இடியின் நம்பர் சுவரில் எழுதியிருக்கிறது. கூப்பிட்டுச் சொல்லுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். அங்கே அவனுக்கு மேடை இருக்கிறது, கைதட்டல் இருக்கிறது, பக்கத்தில் அவள் இருக்கிறாள். இதற்கு நடுவில் அக்காவின் ஞாபகம் எப்படி வரும்? விரல் எரிந்தால் வரும், டாக்டர். விரல் எரிந்தால் அவன் வேறு யாரிடமும் போகமாட்டான்.