என் மகள் போடாத கையெழுத்து

பெயர்: பக்தவத்சலம், த/பெ முனுசாமி. வயது: 61. தொழில்: வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர், சென்ற வருடம் ஓய்வு. முகவரி: வீட்டு எண் 14, மூன்றாவது சந்து, போபோடி, புனே. நாள்: 17.11.2008.

நான் மேற்படி முகவரியில் மனைவி பட்டுவுடன் குடியிருக்கிறேன். சொந்த ஊர் வேலூர் பக்கம். எனக்கு மராத்தி பேச வரும், எழுத வராது. ஆகையால் தமிழ் தெரிந்த ஏட்டு அந்தோணி அவர்கள் நான் சொல்லச் சொல்ல எழுதினார். என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாகவே இந்தப் போலீஸ் சௌக்கிக்கு நடந்து வந்தேன்.

2003 முதல் எனக்கு லாட்டரிப் பழக்கம் உண்டு. சம்பள நாளன்று கடக்கி பஜாரில் இருந்த கம்ப்யூட்டர் லாட்டரிக் கடைக்குப் போவேன். அதனால் என்னுடன் வேலை செய்தவர்களிடம் கடன் ஏறியது. அதன் பிறகு 2004 ஜூன் மாதம் தொழிற்சாலை கேட்டுக்கு வந்த ஒரு தனியார் வங்கி ஏஜென்ட்டிடம் நான் கடன் கேட்டதில், ரிட்டயர்மென்ட்டுக்கு மூன்றே வருடம் இருப்பதால் சம்பாதிக்கும் பிள்ளையும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். என் ஒரே மகள் தமிழரசி அப்போது விமான் நகரில் கால் சென்டர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். அவளைக் கேட்டால் எதற்குக் கடன் என்று கேட்பாள். எனவே கேஸ் கனெக்‌ஷனுக்காக எடுத்திருந்த அவளது பான் கார்டு ஜெராக்ஸ், போட்டோ ஆகியவற்றையும், அவள் பீரோவில் வைத்திருந்த சம்பளச் சீட்டையும் எடுத்துக் கொடுத்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவள் கையெழுத்தை நானே நான்கு இடத்தில் போட்டேன். டீக்கு ஏஜென்ட் காசு கொடுத்தார்.

கடன் எண்பதாயிரம். பதின்மூன்று மாதம் கட்டினேன், அதன் பிறகு கட்டவில்லை. அவள் பெயருக்கு வந்த வங்கிக் கடிதங்களைத் தபால்காரர் வரும் நேரம் பார்த்து வாசலில் நின்று வாங்கிக் கிழித்துப் போட்டேன். அவளுக்குக் கல்யாணம் ஆன பிறகும் கடிதங்கள் என் வீட்டுக்கே வந்தன.

அதன் பிறகு இந்த வருடம் மகளும் மருமகன் ரவிசந்திரனும் புனேயிலேயே திகி என்ற இடத்தில் ஃப்ளாட் புக் செய்து வீட்டுக் கடனுக்கு மனுப் போட்டதில், கடன் ரிப்போர்ட்டில் அவள் பணம் கட்டாதவள் என்று இருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார்கள். இம்மாதம் 30ஆம் தேதிக்குள் கடன் கிடைக்காவிட்டால் ஃப்ளாட் கைவிட்டுப் போகும்.

29.10.2008 அன்று மகள் என்னைப் பழைய கடன் கொடுத்த வங்கிக்கு அழைத்துப் போனாள். அதிகாரி விண்ணப்பத்தைக் காட்டி, இது உங்கள் கையெழுத்து இல்லை என்றால் போலீஸ் புகாரின் நகல் கொண்டு வாருங்கள், விசாரித்து உங்கள் பெயரை எடுத்துவிடலாம் என்று இந்தியில் சொன்னார். அவள் தாளைப் பார்த்தாள். அதன் பிறகு என் கையைப் பார்த்தாள். அதன் பிறகு தன்னுடையதுதான் என்றாள். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.

வெளியே வந்ததும், “நைனா, நான் சொல்லிட்டேன், அவ்ளோதான். அம்மாகிட்ட சொல்லாத. நீ காலைல எதனா சாப்பிட்டியா?” என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். என் வாழ்நாளில் அந்தக் கேள்விக்குக் கூசியதுபோல் எதற்கும் கூசியதில்லை.

கல்யாணத்துக்கு முன் வாங்கிய கடனை மறைத்துவிட்டாள் என்று மருமகன் அவளிடம் பேசுவதில்லை என நேற்று என் மனைவி அழுதாள். ஆகவே இன்று வந்தேன்.

ஏட்டு கேட்டபடி என் மகளின் கையெழுத்தை எதையும் பார்க்காமல் வெள்ளைத் தாளில் போட்டுக் காட்டினேன். நான் கொண்டுவந்த கடன் விண்ணப்ப நகலில் இருப்பதோடு அது ஒத்துப்போகிறது. அவள் ஆறாவது படிக்கும்போது தபால் ஆபீஸ் கணக்கு தொடங்குவதற்காக அந்தக் கையெழுத்தைப் போடக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

அவளை விசாரித்தால் மறுபடியும் தன்னுடையது என்றே சொல்வாள். அதைத் தயவுசெய்து நம்ப வேண்டாம்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். சொன்னது அத்தனையும் உண்மை. கீழே இருப்பது என் சொந்தக் கையெழுத்து.

(ஒப்பம்) மு. பக்தவத்சலம்