மீதி பதினெட்டு

— டேய் வக்கீல், இறங்குடா கீழ! சாரி மேடம்... புதுசா யாரு வந்தாலும் குரைப்பான். மேல ஏறி மூஞ்சிய நக்குறது இதான் முதல் தடவை.

— பரவாயில்ல அண்ணா, விடுங்க. பையில பிஸ்கட் இருக்கு. அந்த வாசனையா இருக்கும்.

— பிஸ்கட்டுக்கு மயங்குற ஆள் இல்லையே இவன்... சரி, உக்காருங்க. ஹெல்மெட்டை மேசை மேல வைக்காதீங்க, பூனை உள்ள போய்ப் படுத்துக்கும்.

— பேரே வக்கீலா?

— இங்க வெச்ச பேருதான். ரெண்டு பேர் பேசிட்டிருந்தா நடுவுல எழுந்து நின்னு எதிர்வாதம் பண்ணுவான். இதுவரைக்கும் ஒரு கேஸும் ஜெயிச்சதில்ல.

— ம்... காப்பகத்துல இப்ப மொத்தம் எத்தனை நாய் அண்ணா?

— நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு. காலையில சோறு வைக்கும்போதுதான் எண்ணினேன்.

— கம்ப்யூட்டர்ல நூத்தித் தொண்ணூத்தி மூணு காட்டுதே.

— காட்டும், காட்டும். கம்ப்யூட்டரா சோறு வைக்குது? ஆமா, முன்னாடி ஒருத்தர் போன்ல பேசுவாரே, அவர் வரலையா?

— அவர் வேற கம்பெனிக்குப் போயிட்டாரு. உங்க வெப்சைட்டைப் பார்த்துக்குற வேலைய நான் கேட்டு வாங்கிக்கிட்டேன்.

— இதைப் போய்க் கேட்டு வாங்கினீங்களா? நல்ல ஆளு போங்க. ஆனா நாங்க புகார் எதுவும் கொடுக்கலையே மேடம்?

— அதான் எனக்கும் ஆச்சரியம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஒரு எக்செல் ரிப்போர்ட் அனுப்புறீங்கல்ல... நாய் வளர்க்கணும்னு பேர் கொடுத்த வீடுகளுக்கு?

— அனுப்புறேன். ஒரே ஒரு பட்டன். அமுக்கினா லிஸ்ட் டக்குன்னு வந்து விழும். அருமையான பட்டன் மேடம், அதுல மட்டும் கை வெச்சுராதீங்க.

— போன வாரம் அதுல எத்தனை வரி இருந்துச்சு?

— அதை யாரு எண்ணினா?

— நான் எண்ணினேன். நூத்தி எழுபத்தஞ்சு. முந்தின வாரமும் நூத்தி எழுபத்தஞ்சு. அதுக்கு முன்னாடி ஒரு மாசம் நூத்தி ஐம்பது, நூத்தி ஐம்பது.

— வாரா வாரம் உக்காந்து எண்ணுவீங்களா?

— எங்களுக்கும் ஒரு காப்பி வரும்... அதை விடுங்க. எப்பப் பார்த்தாலும் இருபத்தஞ்சு இருபத்தஞ்சாவே வருதே, எப்படி? நாய்ங்க என்ன பஸ் பிடிச்சு மொத்தமாவா வருதுங்க?

— டீ சாப்பிடுறீங்களா மேடம்? முன்னாடியே கேக்க மறந்துட்டேன்.

— வேணாம் அண்ணா. இங்க பாருங்க. வெப்சைட்ல லிஸ்டைத் திறந்தா ஒரு பக்கத்துக்கு இருபத்தஞ்சு நாய். அடுத்தது வேணும்னா அடுத்த பக்கம். மொத்தம் எட்டுப் பக்கம். எட்டாவது பக்கத்துல மட்டும் பதினெட்டு.

— சரி.

— எக்செல்லுக்கு மாத்தும்போது எத்தனை பக்கம்னு முன்னாடி இருந்தவர் ஒரு கணக்கு போட்டிருக்காரு. நூத்தித் தொண்ணூத்தி மூணை இருபத்தஞ்சால வகுத்தா எவ்வளவு?

— ஏழு... மீதி பதினெட்டு.

— அந்த மீதியத்தான் விட்டுட்டாரு. ஏழு பக்கத்தை எடுத்துட்டு வேலை முடிஞ்சதுன்னு நிறுத்திக்குது. கடைசிப் பக்கத்துல இருக்கிறது ஒண்ணுகூட எந்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்ததே இல்ல.

— அடடா... அப்படியா? எனக்குத் தெரியவே தெரியாதே!

— நெஜமாவா?

— அதெல்லாம் படிச்சவங்க விஷயம் மேடம்.

— மீதி பதினெட்டுன்னு என்னைவிட வேகமா சொன்னீங்களே.

— ... வாய்ப்பாடு நல்லா வரும் எனக்கு. அதோட, கடைசிப் பக்கத்துல இருக்கிறதெல்லாம் புதுசா வந்ததுங்க. ஊசி போட்டு, உடம்பு தேறி வெளிய அனுப்பவே பத்து நாள் ஆகும். அதுக்குள்ள முன்னாடி இருக்கிறதுங்க கொஞ்சம் வீடு கிடைச்சுப் போயிரும், இதுங்க முன்னாடி பக்கத்துக்குத் தள்ளிப் போயிரும். யாருக்கும் நஷ்டமில்ல. அடுத்த வாரம் பார்த்துக்கலாம் மேடம், இன்னிக்கு எதுக்கு?

— சேர்ந்த தேதிப்படிதானே வரிசை? பழசு முதல்ல, புதுசு கடைசியில?

— ஆமா.

— அப்ப இந்த நூத்தித் தொண்ணூத்தி மூணாவது யாரு? இன்னிக்குக் காலையில வந்து சேர்ந்ததா போட்டிருக்கு. பழுப்பு நிறம், இடது காது மடங்கியிருக்கும்... போட்டோவும் இருக்கு. காலுக்கடியில படுத்திருக்கானே, அவன் ஜாடையாவே இருக்கு.

— இவன்... இவன் ஆபீஸ் நாய் மேடம். லிஸ்ட்லயே கிடையாது.

— லிஸ்ட்ல இருக்கானே. யாரு எதை எப்ப மாத்தினாங்கன்னு கம்ப்யூட்டர் தனியா குறிச்சு வெச்சிருக்கும். படிக்கட்டுமா?

— அதெல்லாமா குறிச்சு வெக்குது?

— இந்த நாய் இதுவரைக்கும் நாப்பத்தோரு தடவை புதுசா வந்து சேர்ந்திருக்கு. எல்லாம் வெள்ளிக்கிழமை. எல்லாம் காலையில ஒன்பது மணிவாக்குல.

— ... ஓடிப் போயிருவான் மேடம். ஓடிப் போய் ஓடிப் போய்த் திரும்ப வருவான்.

— வெள்ளிக்கிழமை விரதம் மாதிரி தவறாம?

— சிரிக்காதீங்க. டேய், நீ வேற எதுக்குடா வாலை ஆட்டுற? மாட்டிக்கிட்டது நான்.

— அண்ணா, நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. ஆனா இந்த நூத்தி நாப்பதாவதை மட்டும் எனக்கு விளக்கணும். சாம்பல் நிறம். எடை மூணு கிலோ. குணம்னு இருக்கிற இடத்துல, ‘யாரையும் மதிக்காது’.

— அது... சின்ன ஜாதி நாய்.

— போட்டோவுல மீசை தெரியுது அண்ணா. இப்ப என் ஹெல்மெட்டுக்குள்ள உக்காந்திருக்கு.

— சொன்னேன்ல, மேசை மேல வைக்காதீங்கன்னு.

— பூனைய எதுக்கு நாய் லிஸ்ட்ல போட்டீங்க?

— ஒரு வாரம் சரியா இருநூறு ஆயிருச்சு மேடம். இருநூறை வகுத்தா எட்டு, மீதி இல்ல. அன்னிக்கு அமுக்கியிருந்தா இவனும் சேர்ந்து போயிருப்பான். மணி மூணே முக்கால். புதுசா ஒரு நாய்க்கு நான் எங்க போவேன்? பூனை ஜன்னல்ல உக்காந்திருந்துச்சு. போன வருஷத் தேதியப் போட்டு உள்ள தள்ளினேன். இருநூத்தி ஒண்ணு ஆச்சு. மீதி ஒண்ணு, இவன் மட்டும்.

— அடேங்கப்பா! எங்க ஆபீஸ்ல இப்படி யோசிக்க ஒரு ஆள் இல்ல.

— அந்தப் பூனைய நாலு குடும்பம் கேட்டாங்க மேடம். ‘இந்தச் சின்ன நாய் ரொம்ப அழகா இருக்கே’ன்னு.

— ஐயோ, போதும்... வயிறு வலிக்குது. சரி அண்ணா, இப்ப உண்மையச் சொல்லுங்க. இவனை எதுக்கு இப்படி ஒளிச்சு வெக்கிறீங்க?

— ரெண்டு தடவை வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தவன். மூணாவது தடவை வேணாம்னு தோணுச்சு. முதல் வீட்டுல வாஷிங் மெஷின்கூடச் சண்டை. அது சுத்துற வரைக்கும் இவன் குரைப்பானாம். ஒன்பதே நாள். அதுகூடப் போகட்டும். ரெண்டாவது வீட்டுல அஞ்சு மாசம் இருந்தான். யாரோ ஒரு பெரியவர் பேர்ல எடுத்திருந்தாங்க. நல்லா குண்டா, பளபளன்னு இருக்கிற போட்டோகூட அனுப்பினாங்க. திடீர்னு ஒரு நாள் கொண்டாந்து விட்டுட்டாங்க.

— நீங்க... அப்ப இருந்தீங்களா?

— அன்னிக்கு எனக்கு லீவு. வாட்ச்மேன்தான் சொன்னாரு. ஒரு பொண்ணு ஸ்கூட்டர்ல வந்துச்சாம். ஹெல்மெட்டைக்கூடக் கழட்டல. கேட்லயே கயிற்றைக் கையில கொடுத்துட்டு, திரும்பிக்கூடப் பார்க்காம போயிருச்சாம். காரணம்னு எழுதுற இடத்துல மூணே வார்த்தை. ‘வீட்டில் ஆள் இல்லை.’

— ஆள் இல்லாம இருந்திருக்கும்.

— இருந்திருக்கும். யாரு இல்லன்னா? ஆனா இவன் அதைப் படிக்க மாட்டானே மேடம். மூணு நாள் சோத்தைத் தொடல. அஞ்சு மாசம் வளர்த்தவங்க திரும்பி ஒரு பார்வை பார்க்கக் கூடாதா? கையில கிடைச்சா நாலு கேள்வி கேக்கணும்னு இருந்தேன்.

— என்ன கேப்பீங்க?

— வாரத்துல ஒரு நாளாவது இவனை நினைச்சீங்களான்னு.

— வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நினைச்சிருப்பாங்க.

— அதென்ன வெள்ளிக்கிழமை?

— சும்மா சொன்னேன்... லிஸ்ட் போற நாளாச்சே. பேர் இருக்குதான்னு தேடியிருக்கலாம். காணோம்னதும் யாரோ நல்லவங்க எடுத்துட்டாங்கன்னு நினைச்சிருக்கலாம். இல்ல... செத்துட்டான்னு.

— நீங்க ரொம்ப நல்ல மனசு மேடம். நான் அவ்வளவு நல்லவன் இல்ல.

— நீங்களே எடுத்துட்டுப் போயிருக்கலாமே அண்ணா?

— வீட்டுக்காரிக்கு நாய் முடி பட்டா மூச்சு இழுக்கும். நானே வேலை முடிஞ்சு போனா வாசல்ல நின்னு சட்டைய மாத்திட்டுத்தான் உள்ள போறேன்.

— அப்ப இவன் கடைசி வரைக்கும் இங்கேயேதானா? இவனுக்கு ஒரு வீடு வேணும்னு உங்களுக்குத் தோணலையா?

— தோணாம என்ன... கார் வந்தா கண்டுக்க மாட்டான், லாரி வந்தா கண்டுக்க மாட்டான். ஸ்கூட்டர் சத்தம் கேட்டா மட்டும் கேட்டுக்கு ஓடுவான். பார்த்துட்டு மெதுவா திரும்பி வருவான். அது எனக்குத் தாங்காது. இன்னொரு வீட்டுக்கு அனுப்பி, அவங்களும் கொண்டாந்து விட்டா, அப்புறம் எந்தச் சத்தத்துக்கெல்லாம் ஓடுவானோ... மேடம்? கண்ணு கலங்குது?

— பூனை முடி. எனக்கும் ஆகாது போல.

— டேய், அவங்க மடியில தலைய வைக்காத. எழுந்திருடா.

— இருக்கட்டும் அண்ணா. மணி என்ன?

— மூணு நாப்பது.

— பட்டனைச் சரி பண்ணிடுறேன். இவனோட சேர்ந்து மத்ததுங்களும் கடைசிப் பக்கத்துல காத்துட்டிருக்குதுங்க. அதுல ஊசி போட்டு முடிச்சதுங்களும் இருக்கும்தானே?

— ... நாலஞ்சு இருக்கும். ரெண்டு குட்டிங்க தயாரா இருக்கு. அதை நான் யோசிச்சே பார்க்கல மேடம். தப்புதான்.

— ஒரே ஒரு இடம்தான். மீதி இருந்தா இன்னொரு பக்கம் சேர்த்துக்கோன்னு சொல்லணும். இதோ... முடிஞ்சுது. அமுக்கிப் பாருங்க.

— இவ்வளவுதானா? ரெண்டு நிமிஷம்கூட ஆகல. இதை உங்க ஆபீஸ்ல உக்காந்தே பண்ணியிருக்கலாமே?

— பண்ணியிருக்கலாம். ஆபீஸுக்குக்கூடப் போக வேணாம். வாரத்துல அஞ்சு நாளும் இப்ப வீட்டுலேர்ந்துதான் வேலை.

— அப்புறம் எதுக்கு வெயில்ல இவ்வளவு தூரம்?

— அமுக்குங்க அண்ணா.

— ... நூத்தித் தொண்ணூத்தி மூணு வரி. கடைசியில இவன். மூஞ்சியப் பாரு, கோட்டு போட்டு கோர்ட்ல நிக்கிற மாதிரி. எத்தனை வீட்டுக்குப் போகும் இது?

— அறுபத்தி ரெண்டு.

— அறுபத்தி ரெண்டு வீடு... என் கை வரல மேடம். நீங்களே அனுப்பிருங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

— அனுப்புறதுக்கு முன்னாடி பூனைய எடுத்துருங்க. அப்படியே கடைசி வரியில ஒரு திருத்தம்.

— தேதியா? வேணாம் மேடம், இனிமே பொய் எழுதல.

— தேதி இல்ல. நிலைமைன்னு ஒரு கட்டம் இருக்குல்ல? ‘வீடு கிடைத்தது’ன்னு மாத்துங்க. லிஸ்ட்லேர்ந்து தானா போயிருவான்.

— யாரு வீடு?

— ...எங்க வீடுதான்.

— ஐயோ மேடம், இரக்கப்பட்டு எடுக்காதீங்க. முதல்ல எல்லாருக்கும் பாவமாத்தான் இருக்கும். வீட்டுல யாரு இருக்கா?

— நானும் எங்கப்பாவும். அப்பாவுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆகி, ரெண்டு பேரும் மாசக்கணக்கா ஆஸ்பத்திரியிலயே கிடந்தோம். இப்பதான் கம்பு வெச்சு நடக்குறாரு. தினமும் வெளிய இழுத்துட்டுப் போக ஒரு ஆள் வேணும்.

— வாஷிங் மெஷின் இருக்கா?

— இருக்கு. பால்கனியில. அது ஓடும்போது கதவைச் சாத்திட்டு ரேடியோ போட்டுட்டா பேசாம இருப்பான்.

— இருப்பானா? பார்த்து ஒரு மணி நேரம்கூட ஆகல, உங்களுக்கு எப்படித் தெரியும் அது?

— மடங்கின காதுக்குப் பின்னாடி சொறிஞ்சா பின்னங்காலை உதறுவான். இடி இடிச்சா குளியலறைக்குள்ள போய் வாளிக்குப் பக்கத்துல உக்காந்துக்குவான். தோசைன்னா ஓரத்தை மட்டும் தின்னுட்டு நடுவுல இருக்கிறதை எங்கப்பா செருப்புல ஒளிச்சு வைப்பான்.

— ... மேடம்.

— சொல்லுங்க அண்ணா. அந்த நாலு கேள்வியும் கேட்டுருங்க.

— நாலு இல்ல, ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. அன்னிக்கு கேட்ல... ஏன்மா திரும்பிக்கூடப் பார்க்காமப் போனீங்க?

— திரும்பிப் பார்த்திருந்தா விட்டுட்டுப் போயிருக்க மாட்டேன் அண்ணா.